உம்மா வீட்டுக்குப் பறந்த புறாக்கள்

வத்தேகமையில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பலா, கராம்பு, கோப்பி என்று நல்ல தோட்டம் இருந்தது. பேச்சுத் துணைதான் இல்லை. என் கணவர் ஸ்டேஷனில் காலைக் கோச்சியைப் பிடித்துக் கண்டிக் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அதுவரை வீட்டில் நானும் அவரைப் பெற்ற மாமியும்தான். மாமி நல்ல மனுஷி. ஆனால் கலியாணம் முடிந்து வந்த நாளிலிருந்து என்னை உம்மா வீட்டுக்கு மட்டும் அனுப்பமாட்டார். உம்மா வீடு இருந்த கட்டுகஸ்தோட்டை ஒன்றும் கடல் கடந்த ஊரில்லை. கோச்சியில் ஏறி வெற்றிலை ஒரு வாய் போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். கேட்டால், "மழை விடட்டும் மகள்" என்பார். கண்டிப் பக்கத்தில் மழை எப்போது விட்டது? போனால் நான் திரும்பி வரமாட்டேன் என்று அவருக்குப் பயம்.

நான் போகாததால் வாப்பா வந்தார். உம்மா வீட்டில் குமராக இருந்தபோது நான் தீனி போட்டு வளர்த்த வெள்ளைப் புறா ஒரு சோடியைப் பிரம்புக் கூடையில் வைத்து, துணியால் மூடிக் கொண்டுவந்தார். கணவர் ஒரு தேயிலைப் பெட்டிக்கு வாசல் வெட்டி, கம்பி வலைக் கதவு வைத்து, பலா மரத்தில் அடித்துக் கூடாக்கினார். எனக்கு அந்த மரத்தடியை விட்டு வர மனமில்லை.

சண்டை நடக்கும் வீட்டில் புறா தங்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. புறா பறந்துவிட்டால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். உள்ளே என்னவோ நடந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் புறா வந்தது முதல் மாமியும் நானும் சண்டையைக்கூடக் குசுகுசுவென்றுதான் பிடித்தோம்.

ஒரு நாள் அது எல்லை மீறியது. மீன் கறிக்குக் கொறக்காப் புளியைத் தாராளமாகப் போட்டுவிட்டேன். எங்கள் உம்மா அப்படித்தான் ஆக்குவார். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கறியா மகள், பல்லுக் கூசுது" என்றார்.

"எங்கட உம்மா வூட்டுல எல்லாரும் இதத்தான் சாப்பிடுற" என்றேன், பக்கத்து வளவுக்கும் கேட்கும்படி. எனக்குக் கோபம் வந்தால் குரல் என் கையில் இருக்காது. மாமியும் சளைத்தவரில்லை.

மறுநாள் காலை கடைக்குப் புறப்பட்ட கணவர், "பாவம், கொஞ்சம் வெளிச்சம் பாக்கட்டும்" என்று கூட்டைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். புறா இரண்டும் கூரையை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு ஆளையே காணோம்.

வளர்ந்த புறா பழைய கூட்டைத் தேடித்தான் பறக்கும் என்பது தெரியாதவர்களா நாங்கள்? ஆனால் முந்தின நாள் போட்ட சத்தம் காதுக்குள் இருக்கும்போது அது யாருக்கு ஞாபகம் வரும்? மாமியின் முகம் வெளுத்துவிட்டது. சுளகில் அரிசியை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று, "பா, பா" என்று வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

பகல் கோச்சியில் உம்மாவும் வாப்பாவும் வந்து இறங்கினார்கள். வாப்பாவின் கையில் அதே கூடை. உம்மா செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை.

"புறா ரெண்டும் எங்கட கூரையில வந்து குந்திட்டு. என்ன நடந்த மகள்?" என்றவர், மாமி பக்கம் திரும்பினார். "புள்ளையக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போறோம் மச்சி."

மாமி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்குப் போகத்தான் ஆசை, எத்தனையோ மாத ஆசை. ஆனால் புறாவுக்குப் பின்னால் நானும் போனால், மாமியின் பேர் ஸ்டேஷன்வரை நாறிவிடும். ஒரு சட்டிக் கறிக்காக அந்த மனுஷியைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இஞ்ச ஒரு சண்டையும் இல்ல உம்மா. புறாவ மட்டும் தந்திட்டுப் போங்கோ" என்றேன்.

மாமி நிமிர்ந்தார். "சண்டையா, எங்களுக்கா?" என்றார். அப்படியொரு சுத்தமான பொய்யை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அதன் பின் கணவரைப் பெட்டிப் பக்கமே விடவில்லை. குஞ்சு பொரித்தால்தான் புறா ஓர் இடத்தில் ஒட்டும் என்று மாமி கூட்டைப் பூட்டிவைத்தார். முதல் முட்டைகளை மரநாய் வலையைப் பிய்த்துத் தின்றுவிட்டது. மாமி அன்று முழுக்க அதன் பரம்பரையையே திட்டினார். மரத்தைச் சுற்றித் தகரம் அடித்த பிறகு இரண்டு குஞ்சுகள் பொரித்தன. மயிரும் சொண்டுமாகப் பார்க்கச் சகிக்காது. மாமிக்கு அவைதான் அழகு.

ஒரு காலை நாங்கள் இருவருமாகக் கூட்டைத் திறந்தோம். பெரிய புறா இரண்டும் நேரே கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகப் பறந்தன. மாமி அடுப்பைக்கூட மறந்து முற்றத்தில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். உச்சி வெயிலில், போன வழியே வந்து இறங்கி, குஞ்சுகளுக்கு இரை ஊட்டத் தொடங்கின.

"உம்மா வூட்டப் பாத்திட்டு வந்திட்டு" என்றார் மாமி. என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீங்களும் போய்ப் பாத்திட்டு வாங்கோ மகள்" என்றார்.

மறுநாள் உம்மாவுக்கென்று ஒரு சட்டி மீன் கறி கட்டித் தந்தார். கோச்சியில் திறந்து பார்த்தேன். கொறக்காப் புளியை அள்ளிப் போட்டிருந்தார்.