இடது காதும் பொட்டல நூலும்

அடுத்தவர் காதில் கிளிப் மாட்டுவதுதான் என் பிழைப்பு. தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் ஆயா வேலை. வீட்டில் பக்கவாதக்காரரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, இது உங்களுக்குத்தான். வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரைக்கும் போகிறதாம். அதில் ஒரு கிளை காதுக்கு வருகிறது. அங்கே லேசாகக் கரண்டு விட்டால், மடை திறந்த வாய்க்கால் மாதிரி மூளைக்குச் சேதி ஓடும். ஊசி இல்லை, கத்தி இல்லை.

எண்ணெய்

கீழ்வேளூரிலிருந்து ஒரு பாய் வந்தார். மிக்சர், காராசேவுக் கடை. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஷார்ஜாவிலிருந்து மகன், "பொட்டலம் கட்ட முடியலைன்னா கடையை வாடகைக்கு விட்டுடலாம் அத்தா" என்று சொல்லிவிட்டான். அவன் லீவில் வருவதற்குள் கை தேறியாக வேண்டும்.

இடது காதில் கிளிப்பை மாட்டினேன். "சுருசுருன்னு இருக்கா பாய்?" "இல்லக்கா." கரண்டை ஒரு புள்ளி ஏற்றினேன். மிஷின்தான் கீச்சென்று கத்தியது. கழற்றிப் பார்த்தால் காதெல்லாம் நல்லெண்ணெய்! நான் முறைத்த முறைப்பில் பாய் சொன்னார்: "கரண்டு பட்டா காது காஞ்சு போயிடும்னு வீட்டுல ரெண்டு சொட்டு விட்டு அனுப்புனாங்கக்கா."

பொட்டுக்கடலை

எண்ணெய் இருந்தால் கரண்டு ஏறாது; பஞ்சால் துடைத்து மாட்டி, சுருசுருப்பு வந்ததும் அடுத்த தொல்லை. சலூனில் உட்கார்ந்த மாதிரி கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். கரண்டு ஓடும்போதே கையும் வேலை செய்யணும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பயிற்சிக்குக் கொடுத்த பிளாஸ்டிக் வளையங்களை பாய் தொடவே இல்லை.

மறுநாள் பழைய பேப்பர், நூல்கண்டு, கால் கிலோ பொட்டுக்கடலை கொண்டுபோய் வைத்தேன். மடித்தார். நூல் நழுவிக் கடலை தரையெல்லாம் ஓடியது. அவர் கண் கலங்கிவிட்டது. நான் விளக்குமாற்றை எடுத்தேன். "இப்பப் பெருக்காதீங்கக்கா. இன்னும் நாலு தடவை கொட்டும், சேத்துப் பெருக்கிக்கலாம்."

முடிச்சு

ரெண்டு மாசம் கழித்து மகனோடு வந்தார். விரல் பழைய வேகத்துக்கு வரவில்லைதான்; ஆனால் பிடி வந்திருந்தது. எங்கள் கண்ணெதிரே ஒரு பொட்டலம் கட்டி, "பிரிடா" என்று நீட்டினார். பையன் நகத்தால் நோண்டினான், பல்லால் கடித்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "கத்தரிக்கோல் இருக்கா ஆயாம்மா?"

"பிரிக்கத் தெரியாதவரு கடையை வாடகைக்கு விடப்போறாராம்!" என்றார் பாய்.

பையன் சிரித்துவிட்டான். "சரி அத்தா, கடை உங்ககிட்டயே இருக்கட்டும். முதல்ல இதைப் பிரிச்சுக் குடுங்க."

அன்றிலிருந்து என் மேஜையில் காது துடைக்கப் பஞ்சும் கை பழக நூல்கண்டும் எப்போதும் இருக்கும். கத்தரிக்கோலை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன்.