கணினித் திரையில் அக்காவின் சுவெட்டர்

ஆய்வுகூடத்துக் குளிரை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே இயந்திரங்கள் சூடாகக் கூடாதென்று ஏசியைப் போட்டு மனிதரை விறைக்க வைப்பார்கள். இத்தாலியில் ஒரு வயதான பெண்ணைப் பராமரிக்கும் என் அக்கா, தான் போட்ட கம்பளிச் சுவெட்டரை எனக்கு அனுப்பியது அதனால்தான். கையை எத்தனை தரம் மடித்துவிட்டாலும் இறங்கிவிடும்.

எங்கள் ஊரான முந்தலில் அப்பாவின் பண்ணையில் இறால்களுக்கு நோய் வந்தபோது, அவற்றையே என் பட்ட ஆய்வுக்கு எடுத்தேன். புரதத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கொடுத்தால் கருவி அவற்றின் திணிவை அளக்கும். மென்பொருள் அதைக் கோடுகளாக வரைந்து, இது இன்ன புரதம் என்று பெயர் சொல்லும். நோயுற்ற இறாலில் மட்டும் ஒரு புதிய புரதம் இருப்பதாக அது பச்சை அடையாளம் போட்டது. நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி! என் பட்டம் மட்டுமல்ல, அப்பாவின் அடுத்த அறுவடையும் அதில்தான் தங்கியிருந்தது. சந்தோசத்தில் தலைகால் புரியாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் உடனே கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாளாம்.

பேராசிரியருக்கு அனுப்புமுன் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சொன்ன பெயரோடு பொருந்தியவை நிறத்தில் தெரிந்தன. ஆனால் மிக உயரமான நான்கு கோடுகள், தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலச் சாம்பல் நிறத்தில் நின்றன. தேடும் பட்டியலில் நான் இறால் புரதங்களை மட்டுமே கொடுத்திருந்தேன். பாவம், மென்பொருள் வேறு எதைச் சொல்லும்? தோலிலிருந்தும் துணியிலிருந்தும் விழக்கூடிய புரதங்களையும் சேர்த்து மறுபடி தேடவிட்டேன். நான்கு கோடுகளும், முன்பு பொருந்தியிருந்தவையும் சேர்ந்து ஒரே பெயரில் நிறம் பிடித்தன. இப்போது வந்த பெயர், செம்மறியாட்டு மயிர், அதாவது கம்பளி.

நோயுற்ற இறாலை அரைத்த அன்று, சுவெட்டர் கை என் வெள்ளை அங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. என் கண்டுபிடிப்பு அதோடு போயிற்று.

அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துச் சொன்னேன்.

"நான் நல்லாத் தோய்ச்சுத்தானேடி அனுப்பினன்!" என்று சண்டைக்கு வந்தாள். கைபேசியைக் கணினித் திரைப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"இந்த உயரமான கோடெல்லாம் என்ட சுவெட்டரா?"

"ஓம்."

விசா சரிவராமல் ஆறு வருடமாக ஊருக்கு வராதவள் அவள். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து அந்தக் கோடுகளைப் பார்த்தாள்.

"நான் வரேலாமக் கிடக்கிறன். என்ட சுவெட்டர் அப்பாட இறால் வரைக்கும் போயிட்டுது, என்ன?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இப்படித் தவறிக் கலந்தவற்றை மறைக்க மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அன்று அதை நான் அழுத்தவில்லை.