டிக்கியை ஓங்கி அடைத்தவள்

வண்டியில் இருந்த கோளாறை, அதை ஓட்டிய பெண்ணின் தலையில் கட்டியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பாதி தெரிந்து செய்தேன்... மீதியும் தெரிந்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று எனக்கொரு பேர் உண்டு. நீங்களும் அந்தப் பேரை நம்பி உங்கள் வண்டியை என்னிடம் விட்டிருக்கலாம். அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

ஏனென்றால் ஹைபிரிட் கார் கிளம்பும்போது சத்தமே போடாது. பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினால் 'ரெடி' என்று ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் தானாக அணையும், தானாக எழும்பும். சத்தமே இல்லாத வண்டியில் நான் எதைக் கேட்பது? எனக்கு இது பழக்கமில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை... சொல்லவில்லை.

ஷைனி கடியப்பட்டணத்துக்காரி. பிசியோதெரபி படித்தவள். பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர்களை வீடு தேடிப் போய், கையையும் காலையும் அசைய வைப்பது அவள் வேலை. கடற்கரை ஊர்களில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. வெளிநாட்டில் வேலை செய்யும் கணவன் பென்சிகர் அதற்காகத்தான் அந்த ஹைபிரிட் காரை வாங்கிக் கொடுத்திருந்தான்.

"அண்ணே, பட்டன அமுக்கினா சில நேரம் ஒண்ணும் அனங்கல, பச்ச லைட்டே எரியல. வேகத்தடையில ஏறி இறங்கும்போ மொத்தமா அணைஞ்சு போவுது" என்றாள்.

"ஹைபிரிட்டுன்னா அணையத்தான் செய்யும், சிஸ்டர். அதாக்கும் அதுக்க கொணம்" என்றேன் நான்.

"அது எனக்குத் தெரியும் அண்ணே. சிக்னல்ல அணைஞ்சா ஏசி ஓடும், லைட்டு எரியும். இது அப்பிடி இல்ல. எல்லாம் அணையுது, ஸ்டியரிங் கல்லு கணக்கா இறுகுது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "பிறவு ஒரு காரியம்... இறங்கிப் போயி டிக்கிய ஓங்கி அடைச்சா ஸ்டார்ட் ஆவுது."

நான் சிரித்தேன். பட்டறையில் நின்ற மற்ற இரண்டு பேரும் கேட்கட்டும் என்றே சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் கோபப்படவில்லை. வண்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, மணவாளக்குறிச்சி தாண்டி உள்ளே இருக்கும் ஒரு மீனவரைப் பற்றிச் சொன்னாள். எட்டு மாதமாக மூடிக் கிடந்த வலது கையில் அப்போதுதான் இரண்டு விரல் நிமிரத் தொடங்கியிருந்ததாம். பஸ் போகாத இடம். "ரெண்டு வாரம் விட்டா பழையபடி இறுகிப் போவும், அண்ணே. அதுனாலதான் அவசரப்படுகேன்" என்றாள்.

நான் ஸ்கேனரை மாட்டினேன். எட்டோ ஒன்பதோ கோளாறு எண்கள் வரிசையாக வந்தன. பாதிக்கு அர்த்தம் தெரியவில்லை. மின்சாரம் குறைவு என்று இரண்டு மூன்று சொல்லின. வண்டியை ஓட்டும் பெரிய பாட்டரி போக, பட்டனுக்கும் விளக்குக்கும் கரண்டு கொடுக்க ஒரு சின்ன பாட்டரி இருக்கும்; முன்னால் பானெட்டைத் திறந்து அதைத் தேடினேன். அங்கே இல்லை. எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்கவா முடியும்? எண்கள் அத்தனையையும் அழித்தேன். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினேன், வண்டி மணி மணியாக ஓடியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்போது அவள் போனில் பென்சிகர் வீடியோவில் வந்தான். "அண்ணே, வண்டிக்கு என்னவாக்கும்?"

யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அதை மட்டும் உங்களிடம் மறைக்க மாட்டேன். "ஒண்ணும் பேடிக்காண்டாம். வண்டி பொன்னு கணக்கா இருக்கு. சிஸ்டருக்கு ஓட்டிப் பழக்கம் காணாது. பிரேக்க நல்லா சவுட்டாம பட்டன அமுக்கினா எப்பிடி ஸ்டார்ட் ஆவும்?" என்றேன்.

அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துத் திங்கள்நகர் போகும் வழியில் வண்டி மறுபடி நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் பிரேக்கைச் சவுட்டி நிறுத்தியதில் உயிர் தப்பினாள். பென்சிகர் எனக்குப் போன் செய்தான். நான் சொன்னதையே திரும்பவும் சொன்னேன். அன்றோடு அவளிடமிருந்து சாவியை வாங்கி, பென்சிகரின் தம்பி லிபினிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் மீன் ஏலக்கூடத்து வேலைக்குப் போகிறவன், அவளை வீடு வீடாகக் கொண்டுபோய் விட அவனுக்கு ஏது நேரம்?

இரண்டு மாதம் போயிருக்கும். லிபின் வந்தான்.

"அண்ணே, எனக்க கையிலயும் நின்னு போச்சு. வண்டியில என்னவோ கோளாறு இருக்கு."

பார்த்தீர்களா... அவள் கையில் நின்றால் அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை. இவன் கையில் நின்றால் வண்டியில் கோளாறு. அதை நானும் உடனே ஒத்துக்கொண்டேன்!

அவன் டிக்கியைத் திறந்து மீன் பெட்டியை இறக்கி வைத்தான். அடியில் இருந்த பலகையைத் தூக்கினேன். அங்கே இருந்தது அந்தச் சின்ன பாட்டரி. அதன் எர்த் கம்பியை பாடியோடு சேர்க்கும் போல்ட், உப்புக்காற்று பட்டு வெள்ளையாகப் பூத்து, தளர்ந்து கிடந்தது. விரலால் தொட்டாலே ஆடியது. வண்டி குலுங்கினால் தொடுப்பு விடும்.

டிக்கியை ஓங்கி அடைத்தால் திரும்பச் சேரும்.

அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் பழகிய எனக்குத் தெரியாத இடத்தைக் கையால் காட்டாத குறையாகச் சொன்னாள். கடற்கரை வண்டியில் எர்த் பூத்துப் போகும் என்பது இங்கே எந்த மெக்கானிக்குக்குத் தெரியாது? அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்... சுரண்டி முறுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னவாக்கும் அண்ணே?" என்றான் லிபின்.

"ஸ்கேனர்ல ஒரு செட்டிங் மாத்தினேன். இனி நிக்காது."

உன் அண்ணி சொன்னது சரி என்று ஏன் சொல்லவில்லை? பயமா? மானமா? பிழைப்புப் போய்விடும் என்றா? என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது, ஒன்றும் எனக்கே நம்பும்படி இல்லை.

போன மாதம் ஆயில் மாற்ற வண்டி வந்தது. லிபின் ஓட்டி வந்தான். அவளும் கூட வந்திருந்தாள். அவன் டீ குடிக்கப் போனதும் என் அருகில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு காரியம் கேக்கட்டா? அண்ணைக்கு வண்டி நின்னது வண்டிக்க குத்தமா, எனக்க குத்தமா? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

என்னைக் குற்றம் சாட்டக் கேட்கவில்லை அவள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் கையில் அந்த போல்ட்டை முறுக்கிய அதே ஸ்பானர் இருந்தது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்காது.

"பழசெல்லாம் எதுக்கு சிஸ்டர்... வண்டி இப்ப நல்லா ஓடுதுல்லா" என்றேன். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "அந்த மணவாளக்குறிச்சிக்காரரு எப்பிடி இருக்காரு?" என்று கேட்டேன்.

"அங்க போவ முடியல அண்ணே. கை பழையபடி மூடிப் போச்சாம்."

லிபின் திரும்பி வந்து சாவியை நீட்டினான். "நீங்க ஓட்டுதியளா அண்ணி?" என்று கேட்டான். அவள் தலையை அசைத்தாள். "வேண்டாம் மக்கா. எனக்குத்தான் அது வராதே."

பையை டிக்கியில் வைத்து மூடினாள். மெதுவாக... அவ்வளவு மெதுவாக மூடியதில் அது பூட்டிக்கொள்ளவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சத்தம் வராமல் இரண்டு கையாலும் அழுத்தி மறுபடி மூடினாள். பிறகு இடது பக்கம் போய் ஏறிக்கொண்டாள்.

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.