ஒன்பதாவது கேள்வி

போலிப் பொருள்களால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று மதிப்பிடும் ஆய்வொன்றில் நான்கு மாதம் வேலை செய்தேன். மதிப்பிட்டது நானில்லை. அதைச் செய்தவர்கள் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஏசி அறைக்குள் இருந்தார்கள். நான் வெயிலில் நடந்து கேள்வி கேட்டவள். ஆனால் வினாக்கொத்தைத் தமிழாக்கியவளும் நான்தான் என்பதால் பழியில் பாதி எனக்கும் உண்டு.

மொத்தம் பதினான்கு கேள்விகள். பதின்மூன்று அநேகமாக மறந்து போய்விட்டன. ஒன்பதாவது இப்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும்போது தானாக வாய்க்குள் வரும். 'இப்பொருளின் போலி சந்தையில் இல்லாதிருப்பின், இதன் அசலை வாங்கியிருப்பீர்களா?' எழுதிய நேரம் நல்ல தமிழ் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். முதல் நாளே வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்காரர், "பிள்ளை, இதென்ன சோதினைப் பேப்பரோ?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு தாளைப் பார்க்காமல், "இந்தக் கொப்பி கிடைக்காட்டி ஒரிஜினல் வாங்கியிருப்பீங்களோ?" என்று மட்டும் கேட்டேன்.

முழு மதிப்பீடும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கியது. ஒருவர் 'ஓம், வாங்கியிருப்பன்' என்றால் அசலை விற்பவருக்கு ஒரு வியாபாரம் பறிபோய்விட்டது என்று பொருள். அசலின் முழு விலையும் நட்டத்தில் ஏறும். 'இல்லை' என்றால் ஒன்றும் ஏறாது, ஏனென்றால் அந்த மனிதர் எப்படியும் அசல் கடைப் பக்கம் போயிருக்க மாட்டார்.

அந்தக் கேள்வியில் ஒரு மயக்கம் இருந்தது. அதற்கு முந்திய எட்டும் நடந்ததைக் கேட்டன. இது நடக்காததைக் கேட்டது. கேட்டவுடன் ஆட்களின் பார்வை என் முகத்தை விட்டு மெல்ல விலகி ஜன்னலுக்குப் போகும். வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கும், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ரயில் போகும். ரயில் போய் முடியும்வரை யாரும் கதைக்க முடியாது. அந்த நேரத்துக்குள் அவர்கள் வேறொரு வாழ்க்கையில் ஒரு கடைக்குள் நுழைந்து, கண்ணாடி அலுமாரியைத் திறக்கச் சொல்லி, விலை கேட்காமலே வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நானும் பேனையைப் பிடித்தபடி சோம்பலாகக் காத்திருப்பேன். உப்புக்காற்றில் தாள்கள் பிசுபிசுக்கும். சில மத்தியானங்களில் நானும் கூடவே போய் எனக்கொரு கைப்பை வாங்கியிருக்கிறேன்.

ரயில் போனதும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"வாங்கியிருப்பன்தானே! இதென்ன கண்டறியாத கேள்வி?" என்றார் நாலாம் மாடி அன்ரி ஒருவர். அவருடைய கைப்பையின் பெயர்ப்பட்டியில் எழுத்துப்பிழை இருந்தது.

"உண்மையாவோ அன்ரி?"

"ஏன், என்னைப் பாத்தா வாங்க வக்கில்லாத ஆள் மாதிரித் தெரியுதோ உமக்கு?"

நான் 'ஓம்' பெட்டியில் சரி போட்டேன். வேறென்ன செய்ய? எங்கள் ஆட்களிடம் 'இல்லை' என்ற சொல்லைப் பிடுங்குவது பல்லைப் பிடுங்குவதைவிடக் கஷ்டம். அந்நியப் பெண்ணொருத்தி தாளோடு வந்து வாசலில் நின்று 'உன்னால் முடியுமா' என்று கேட்டால் யார்தான் முடியாது என்பார்கள்? நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

இதெல்லாம் வெறும் சிரிப்பும் பகிடியுமாகவே போயிருக்கும், கொட்டாஞ்சேனையில் அந்தப் பெண்ணைச் சந்தித்திராவிட்டால். மலையகத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்து, புருஷன் போன பிறகு நடைபாதையில் தட்டுக்கடை போட்டவள். பெரிய பெயர்கள் அச்சடித்த செருப்பும் சப்பாத்தும் விற்றாள். அவளும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் அந்தத் தட்டை நம்பித்தான் இருந்தார்கள். எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் மாநகர சபைக்காரர்கள் அந்த வரிசைக் கடைகளை எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் கதை அடிபட்டது. அது அவள் காதுக்கும் போயிருந்தது.

"தட்டை எடுத்துருவாங்களா மிஸ்?" என்று முதல் நாளே கேட்டாள்.

மறைக்க மனம் வரவில்லை. ஒன்பதாவது கேள்வியை அவளுக்கு விளக்கினேன். நட்டம் பெரிதாக வந்தால் கடைகள் போகும், 'இல்லை' என்பவர்கள் கூடினால் நட்டம் சிறுக்கும் என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அவ்வளவுதானா! எங்கிட்ட வாங்குறவங்களே கையில காசு இல்லாதவங்கதான் மிஸ். இல்லாதவங்க இல்லைன்னுதானே சொல்லுவாங்க?"

எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. அன்று மழை பெய்து விட்டிருந்தது. தேவாலய மணியும் கோயில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மூன்று வாரமும் அவளுடைய வாடிக்கையாளர்களிடம் கேட்டேன். சுமை தூக்குகிறவர், தையல் வேலைக்குப் போகிறவள், மரக்கறி விற்கிறவர். அத்தனை பேரும் அவளுடைய தட்டுக்கு முன்னால் நின்றே, புதுச்செருப்பைக் காலில் போட்டுப் பார்த்தபடி, நிமிர்ந்து 'ஆமா' என்றார்கள். ஐயோ, எனக்கு வந்த விசரும் எரிச்சலும்! அவளும் ஒவ்வொருவருக்கும் மீதிக்காசு கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வாரம் சிரித்தாள். மூன்றாம் வாரம் என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

கடைசி நாள் தட்டுக்கடைக்காரர்களிடமும் கேட்க வேண்டியிருந்தது. விற்பவர்களாக இல்லை, வாங்குபவர்களாக. அவள் தட்டுக்கு வேண்டுமென்றே கடைசியாகப் போனேன். ஒரு 'இல்லை'யாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றால் எந்தக் கணக்கும் மாறப்போவதில்லை. ஆனாலும் வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு மகள் அப்போதுதான் வந்தாள். தாயின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு என் தாளைத் தலைகீழாக வாசிக்கத் தொடங்கினாள்.

"கடைசியாக வீட்டுக்கு வாங்கின கொப்பிச் சாமான் என்ன?"

"இவளுக்கு ஸ்கூல் பேக். பக்கத்துத் தட்டுல எடுத்தேன்." பை பிள்ளையின் முதுகில்தான் தொங்கியது.

ஒன்பதாவதுக்கு வந்தேன். "இந்தக் கொப்பி கிடைக்காட்டி, இவவுக்கு ஒரிஜினல் வாங்கியிருப்பீங்களோ?"

சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்த வரிசையில் அதைத் தெரிந்த ஒரே ஆள் அவள். வாயையும் திறந்தாள். பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தது. தெருவில் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப்போனது போல இருந்தது. அவள் பார்வையும் என்னை விட்டு விலகி, கடைகளுக்கு மேலே எங்கேயோ போவதைக் கண்டேன்.

"ஆமா மிஸ். வாங்கியிருப்பேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்றேன். எம்புள்ளைக்கு வாங்கிக் குடுக்காம இருப்பேனா?"

அழுகை வந்தது. கோபமும் வந்தது. என் பேனை தானாகவே 'இல்லை' பெட்டிக்குப் போனது. யாருக்குத் தெரியப்போகிறது? நான்கு மாதத்தில் ஒரு பதிலைக்கூட மாற்றி எழுதாதவள் நான். பேனை தாளில் படுவதற்குள் அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அது இல்ல மிஸ், மத்தப் பெட்டி," என்றாள். "ஆமான்னுதானே சொன்னேன். பாத்துப் போடுங்க."

போட்டேன்.