ஓட்டை அக்கா அடைத்த துளை

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளுக்கு ‘ஓட்டை அக்கா’ என்றே பெயர். புது வீடுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்காற்றை வெளியே இழுக்கும்படி ஓடவிட்டு, புறங்கையை ஈரமாக்கிக்கொண்டு சுவரோரம், சன்னலோரம் நகர்வாள். ஊசி நுழையும் இடுக்கானாலும் அந்தக் கைக்குச் சில்லென்று தெரிந்துவிடும். மேஸ்திரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

சில வருஷத்துக்கு முன் வந்த சட்டம் அப்படி. புதிதாகக் கட்டும் வீடுகளில் கேஸ் எரிக்கக் கூடாது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் இயந்திரம்தான் குளிர்காலத்தில் கதகதப்பும் கோடையில் குளிர்ச்சியும் தர வேண்டும். அந்தச் சூடு வீணாய்ப் போகாமல் சுவரில் ஓட்டை இருக்கக் கூடாது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? பழைய வீட்டில் நடுங்குகிறவர்களைப் பற்றித்தான் அதில் ஒரு வரி கிடையாது.

அவள் வீடு பழசு. மூலையில் ஒரு கேஸ் ஹீட்டர். நுரையீரல் கெட்டு வேலையை விட்ட கணவர் அதன் முன்னால் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார். இந்தக் குளிரைத் தாண்டுவாரா என்று இரவில் எழுந்து எழுந்து அவர் மூச்சைக் கேட்பாள்.

“ஊர் வீட்டையெல்லாம் பாக்குறீங்க, நம்ம வீட்டுக்கு எப்ப வருவீங்க ஆபீசரம்மா?” என்று சீண்டினார்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன். டீ குடுத்தாத்தான் கையெழுத்து.”

சொன்னபடி ஞாயிறு சாயங்காலம் வேலையில் இறங்கினாள். அவர் டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தார். சன்னல், கதவு, கடைசியாக ஹீட்டருக்கு மேலே சுவரில் இருந்த துளை. அதிகக் குளிர் வந்தது அங்கிருந்துதான். அதையும் ஒட்டி மூடிவிட்டு ஈரக் கையை வைத்துப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை.

“பாஸ்!” என்று கைதட்டினார் அவர்.

இரவில் ஹீட்டரை அணைத்துவிடுவது வழக்கம். காலையில் அதைப் பற்றவைத்து, போர்வையை இழுத்து விட்டு, வேலைக்குக் கிளம்பினாள். மதியம் போன் அடித்தாள், எடுக்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், வீடு கதகதப்பாக இருந்தது. அவர் கன்னம் சிவந்து, தூங்குகிறவர் மாதிரிக் கிடந்தார். எழுப்பி எழுப்பிப் பார்த்தாள்.

எரிகிற நெருப்புக்குக் காற்று வேண்டும், அதன் நச்சு வெளியேற வழி வேண்டும் என்று தெரியாதவளா? தெரியும். நெருப்பே இல்லாத வீடுகளில் வருஷக்கணக்கில் உழைத்த கைக்கு, துளை என்றாலே குற்றம் என்று பழகிவிட்டது. பாவி, அந்தக் கையை என்ன செய்வாள்?

சுவர்த் துளையின் டேப்பை அன்றே பிய்த்தெறிந்தாள். ஹீட்டரை அப்புறம் பற்றவைக்கவே இல்லை. சன்னல் டேப்பை மட்டும் தொடவில்லை. அதன் ஒவ்வொரு நுனியிலும் அவர் பல் தடம் இருக்கிறது.