விளைநிலத்தில் ஓர் எழுத்து

எங்கள் ஊர் குன்னத்தூருக்குப் பக்கம். ஊரைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், மற்றவர் எழுதியதைத் திருத்தவும் செய்யலாம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அதில் நாலு வரி எழுதுவது வழக்கம்.

ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெண், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், கேட்டாள்: "ஏக்கா, ஒங்க ஊர்ல கெழக்க பூரா நெலம் விலைக்குக் கெடக்காமே? நீங்க எழுதுற ஊர்ப் பக்கத்துல போட்டிருக்கே."

திறந்து பார்த்தேன். 'கிழக்கே விளைநிலங்கள்' என்று நான் எழுதியிருந்தது, 'கிழக்கே முழுவதும் விலைநிலங்கள்' என்று மாறியிருந்தது. மாற்றியவர் பெயரும் அதிலேயே இருந்தது: என் பெரியப்பா மகன். அந்த அண்ணன் கொஞ்ச நாளாக மனை பிரித்து விற்கிறவர்களோடு காரில் சுற்றிக்கொண்டிருந்தார். கிழக்கே எங்கள் வீட்டு நிலமும் இருக்கிறது.

எழுத்துப் பிழையாக இருக்கட்டும் என்று அவர் எழுதிய மற்ற வரிகளைத் தேடிப் படித்தேன். வெள்ளாமை, பள்ளம், களம் எல்லாவற்றிலும் 'ள' சரியாக இருந்தது. இந்த ஒரு சொல்லில் மட்டும் எப்படித் தவறும்?

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன்.

"ஏனுங்ணா, நிலத்துக்கெல்லாம் விலை பேசிட்டீங்களாட்ட இருக்குது?"

"என்ன அம்மிணி சொல்ற?"

காட்டினேன். உற்றுப் பார்த்தார். "நான் எங்க எழுதுனேன்? வாயில சொன்னேன், போன் அதுவா அடிச்சுக்குச்சு."

"அப்ப இப்பச் சொல்லுங்க, பாக்கலாம்."

சொன்னார். போன் 'விளைநிலங்கள்' என்று சரியாகவே எழுதியது. அவர் முகம் சுருங்கியது. மறுபடியும், கொஞ்சம் வேகமாகச் சொன்னார். இந்த முறை 'விலை நிலங்கள்' என்று வந்தது. வேண்டுமென்றே நாக்கை மாற்றினாரா? என்னால் பிடிக்க முடியவில்லை.

அண்ணி காப்பியோடு வந்தார். "ஒரு எழுத்துக்கு ஏன் கண்ணு இப்புடி மல்லுக்கட்டறீங்க?"

"அந்த ஒரு எழுத்துல ஊரையே விக்கறாப்பல ஆயிருச்சுங்கண்ணி."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் 'ள' எங்கே என்று தேடி, அந்த வரியைத் திருத்தினார். "இனி நான் எதப் போட்டாலும் நீ ஒருக்கா படிச்சுப் பாத்துரு."

சரியென்று தலையாட்டினேன். வீடு திரும்பியதும், அந்த வரியை யார் தொட்டாலும் எனக்குத் தகவல் வரும்படி போனில் வைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.