இரண்டாவது சிரட்டை

காங்கேசன்துறையில் கப்பல் புறப்பட இருந்தது. அங்கே காத்திருந்த அக்காவின் கடவுச்சீட்டு என் பையில். என் மோட்டார் சைக்கிளோ நீர்வேலியில் காற்றுப் போய் நின்றது.

ஒட்டுப் போடுபவர் மெலிந்தவர், கட்டைவிரல் நகம் கறுத்தவர். தேங்காய்ச் சிரட்டையில் ரப்பர் பசையை ஊற்றி, அதை இறுக்கும் மருந்தில் இரண்டு சொட்டு விட்டுக் கலந்தார். பிறகு டியூப்பைத் தேய்க்கத் திரும்பினார். சீக்கிரம் ஒட்டட்டும் என்று நான் இன்னும் கொஞ்சம் மருந்தை ஊற்றினேன்.

திரும்பி வந்தவர் பசையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அது ஒட்டவில்லை.

"மருந்து கூடினா பசை தனக்குள்ளையே இறுகிப்போம் தம்பி. பேந்து டியூப்பைப் பிடியாது."

"அண்ணை, கப்பல்..."

"ஓம், விளங்குது."

பசையை எறிந்தார். புதிதாகக் கலந்த சிரட்டையையும் மருந்துப் போத்தலையும் என் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டார். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா கடைசி ஆளாய்க் கப்பலேறினாள். எனக்கு ஒட்டுப் போட்டவரின் அந்த முதுகுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.